இஸ்தோப்பு முறுக்குக்கு ஒரு பை

இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனில் ஒரு புகைப்படக் கடைக்கு மேல்மாடியில் கணவனும் மனைவியுமாக ஒரு டிசைன் கடை நடத்துகிறார்கள். கல்யாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், டியூஷன் வகுப்புப் பதாகை, இவைதான் அங்கே அன்றாட வேலை. எங்கள் அம்மாவின் முறுக்குக்குப் பெயர் தேடி, அடையாளம் வரைந்து, பை தெரிந்தெடுத்து, லேபல் அடித்துத் தந்தவர்கள் இவர்கள்தான். 2024 மே மாதம் வேலையைக் கொடுத்தேன். சரியான லேபல் ஆகஸ்ட் கடைசியில் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை ஓர்டர் கொடுத்துவிட்டேன். வீட்டில் பலகாரம் செய்து விற்கிற பெண்கள் பலர் "யாருகிட்ட செஞ்சீங்க, எவ்வளவு ஆச்சு" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே முழுதாக எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. "கையில இருக்கிற வேலையையே முடிக்க முடியலக்கா, பேரு மட்டும் போடாதீங்க" என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் முறுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா 31 வருஷம் மலைக்கு, அதாவது தேயிலைக் கொழுந்து எடுக்க, போனவர். பென்ஷன் வாங்கியபிறகு சும்மா இருக்க மனசு வராமல் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில் அடுப்புப் போட்டு முறுக்குச் சுடத் தொடங்கினார். அரிசி மாவும் வறுத்து அரைத்த உளுத்தம் மாவும். எள்ளு, சீரகம், கொஞ்சம் பெருங்காயம். பத்து முறுக்கை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, வாயை மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் இழுத்து ஒட்டுவோம். நோர்வூட்டிலும் டிக்கோயாவிலும் ஹட்டனிலும் ஏழெட்டுக் கடைகள் எடுத்தன. கொழும்பு வெள்ளவத்தையில் மளிகைக் கடை வைத்திருக்கும் சொந்தக்கார மாமா ஒருவர் தின்று பார்த்துவிட்டு, "சாமான் நல்லாத்தான் இருக்கு. பேரு இல்ல, திகதி இல்ல. இத நான் எப்படிம்மா தட்டுல வைக்கிறது?" என்றார். வேலை அங்கேதான் ஆரம்பமானது.

ஹட்டன் கடைக்குப் போகுமுன் கொழும்பில் ஓர் இடத்தில் வட்ஸ்அப்பிலேயே பேசி 12,000 ரூபா கொடுத்து ஒரு டிசைன் வாங்கினேன். மூன்றாம் நாள் படம் வந்தது. பச்சை மலை, சூரியன், அதற்கு முன்னால் கூடையோடு சிரிக்கிற ஒரு கொழுந்துப் பெண். "மலையகம்னு சொன்னீங்கதானே" என்றார்கள். அம்மாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"என்னா புள்ள, இவ கூடையத் தோள்ல மாட்டியிருக்கா? தலையிலல்ல கயிறு போடணும். மழைக்குப் படங்கும் கட்டல. நனைஞ்சு செத்துருவா." கொஞ்ச நேரம் கழித்து, "அது சரி, இதுல முறுக்கு எங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஆட்கள் இந்த மலைக்கு வந்து 200 வருஷம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தபோது நான் கண்ட பதாகைகளிலும் அதே கூடைதான். கொழுந்து எடுத்த கைக்கு முறுக்குப் பிழியவும் தெரியும் என்பதைச் சொல்லத்தானே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்? பையிலும் அவளையே கூடை தூக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. அந்தப் படத்தில் "தேங்காய்" என்ற சொல் உடைந்து கிடந்தது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், நடுவில் ஒரு புள்ளி வட்டம் விழுந்திருந்தது. திருத்தச் சொன்னேன். "எங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நீங்க அனுப்பினதத்தான் போட்டோம்" என்றார்கள். 12,000 போனதோடு அதை விட்டுவிட்டேன்.

ஹட்டனில் முதல் நாள் நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடையின் நல்லது முழுக்க அதில் இருக்கிறது. கடைக்காரத் தம்பி கொம்பியூட்டரைத் திறக்கவே இல்லை. "முறுக்கு கொண்டு வந்தீங்களாக்கா?" என்று கேட்டார். மூன்று பை கொண்டு போயிருந்தேன். ஒன்றைத் தின்றார்கள். ஒன்றை மேசையில் கொட்டி, முழுசு எத்தனை, உடைசல் எத்தனை என்று எண்ணினார்கள். மூன்றாவதைத் தராசில் வைத்தார்கள். பிறகு, எந்தெந்தக் கடை, கடையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள், தட்டிலா, கண்ணாடிப் பெட்டியிலா, கயிற்றில் தொங்கவிட்டா என்று கேட்டார். தொங்கவிடுவார்கள் என்றேன். மறுநாள் அவரே பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடைகளுக்குப் போய்ப் படம் எடுத்து வந்தார். கிளிப் போட்டுச் சரமாகத் தொங்கும்போது மேல் பையின் அடிப்பாகம் கீழ்ப் பையின் தலையை மறைத்துவிடுகிறது. கொழும்பு டிசைனில் பெயர் பையின் உச்சியில் இருந்தது. அதை அடித்திருந்தால் சரத்தில் முதல் பை ஒன்றுக்குத்தான் பெயர் தெரிந்திருக்கும்.

பெயரைக் கண்டுபிடித்தது அவருடைய மனைவி. நான் ஒரு தாளில் ஆறேழு பெயர் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மலையும் சாரலும் பசுமையுமாக. அந்தத் தங்கச்சி தாளை மடித்து வைத்துவிட்டு, "அம்மா எங்க உக்காந்து புழிவாங்க?" என்று கேட்டார்.

"இஸ்தோப்புலதான்."

"அப்ப அதுதானேக்கா பேரு?"

வெளியூர் ஆட்களுக்கு இஸ்தோப்பு என்றால் திண்ணை, முன் விறாந்தை. லயத்துக் காம்பராவுக்கு, அதாவது அறைக்கு, முன்னால் இருக்கிற அந்த ஆறடி இடத்தில்தான் எங்கள் படிப்பு, சண்டை, கல்யாணப் பேச்சு, எல்லாம். ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. சிங்களத்திலும் ஏறக்குறைய இதே சொல்தான். "சிங்களக் கடைக்காரருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்ல, படிச்ச உடனே வீட்டு முன்பக்கம் ஞாபகம் வரும்" என்று தங்கச்சி சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு பெயரை மூன்று மொழியிலும் எழுத வேண்டிய நாட்டில், மூன்றிலும் ஒரே ஒலியாக நிற்கிற பெயர் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

அடையாளம் வரைந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. "இ" என்ற எழுத்தை உற்றுப் பாருங்கள். உள்ளே சுழித்து, வெளியே வளைந்து, பாதியில் விட்ட முறுக்கு மாதிரியே இருக்கும். இதைத் தம்பி கண்டுபிடித்ததும் கணினியில் வளைத்து முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கமராவோடு எங்கள் லயத்துக்கு வந்து, "அம்மா, மாவால ஒரு 'இ' எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டார்.

அம்மா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். கையெழுத்தைத் தவிர வேறு எதையும் அவர் எழுதி நான் கண்டதில்லை. முறுக்கு உரலை இரண்டு கையாலும் பிடித்து, கவிழ்த்து வைத்த சுளகில் முதல் "இ"யைப் பிழிந்தார். எண்ணெயில் போட்டதும் உள்சுழி ஊதிப் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெறும் உருண்டையாகிவிட்டது. இரண்டாவதில் சுழியை விரித்துப் பிழிந்தார். திருப்பும்போது வால் உடைந்தது. மாவை இன்னும் இறுக்கமாகப் பிசைந்தார். பதினான்கு தடவை. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று ஒவ்வொன்றும் பொரிந்து மேலே வரும்போது "இ! இ!" என்று கத்தினார்கள். பதினோராவது எழுத்தைத்தான் தம்பி தெரிந்தெடுத்தார். அதன் சுழியில் சின்னதாக ஒரு நடுக்கம் இருக்கிறது. அதை நேராக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்றைக்கு எங்கள் பையில் இருக்கிற எழுத்து அம்மாவின் கையால் பிழிந்தது, அந்த நடுக்கத்தோடு.

அதை வரைந்தெடுத்த விதத்திலும் ஒரு தெளிவு இருந்தது. அச்சின் நட்சத்திர ஓட்டையால் முறுக்கின் மேலே கோடு கோடாக வரி விழும் அல்லவா, பெரிய அளவில் அந்த வரிகளோடு "இ" மிக அழகாக இருந்தது. ஒரு விரல் நக அளவுக்குச் சுருக்கியதும் வரிகள் ஒன்றோடொன்று கலந்து கறுத்துப் போயின. அதனால் இரண்டு விதமாக வரைந்தார்: பையின் முகப்புக்கு வரியோடு ஒன்று, சின்ன இடங்களுக்கு வரியில்லாமல் தடிப்பாக ஒன்று. அட்டைப் பெட்டியில் அடிக்கும் ரப்பர் சீலுக்கு ஒரே மையில் வருகிற மாதிரி மூன்றாவதும் தந்தார். இதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

நிறத்தில்தான் எனக்கும் அவர்களுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். மிக்சர், கடலை, முறுக்கு என்றால் சிவப்பும் மஞ்சளும் என்று என் கண் பழகியிருந்தது. அவர்கள் நீலம் என்றார்கள். தின்கிற சாமானுக்கு நீலமா என்று நான் இரண்டு நாள் பதிலே அனுப்பவில்லை. பிறகு தம்பி கடையொன்றில் தொங்கும் சரங்களின் படத்தில் எங்கள் பையை ஒட்டி அனுப்பினார். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. பொன்னிறமாகச் சிவந்த முறுக்கு நீலத்துக்குப் பக்கத்தில் இன்னும் பொன்னிறமாகத் தெரிந்தது. அந்த நீலமும் எங்கிருந்தோ வந்ததல்ல, எங்கள் இஸ்தோப்புச் சுவரின் கீழ்ப்பாதியில் அப்பா அடித்த நீலம். "இ" படம் எடுக்க வந்த அன்றே சுவரையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பை தெரிந்தெடுத்த விதத்தை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். எனக்குப் பிரவுன் பேப்பர் பைதான் ஆசை. பார்க்கப் பண்டத்துக்கு ஒரு கௌரவம் வரும். தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று விதப் பை வாங்கி வந்து, ஒரே நாளில் சுட்ட முறுக்கை மூன்றிலும் போட்டு, சூட்டில் ஒட்டி, கடை ஜன்னலோரம் வைத்தார். ஒன்று உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூசிய பேப்பர் பை. ஒன்று சாதாரணத் தெளிவான பிளாஸ்டிக். ஒன்று உள்ளே வெள்ளியாக மினுங்குகிற, அலுமினியம் பூசிய படலத்துப் பை. அது ஜூன் மாதம். ஹட்டனில் ஜூன் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி காயாது, உப்பு இளகும், மிஸ்ட் காம்பராவுக்குள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று கிழமை கழித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து திறந்தோம். பேப்பர் பையில் வெளியே எண்ணெய்க் கறை. முறுக்கு ரப்பர் மாதிரி வளைந்தது. தெளிவான பையில் மொறுமொறுப்பு ஓரளவு நின்றது, ஆனால் வாயில் வைத்ததும் காறல் வாடை. வெளிச்சமும் காற்றும் பட்டால் எண்ணெய் காறும். ஜன்னலோரத்தில் அது வேகமாக நடந்திருக்கிறது. வெள்ளிப் பையில் இருந்தது மட்டும் "டக்" என்று உடைந்தது. அந்தச் சத்தம் கேட்டபிறகு நான் பேப்பர் பையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வெள்ளிப் பையில் ஒரு குறை, உள்ளே இருப்பது தெரியாது. பெயர் கேள்விப்படாத முறுக்கைப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? கடைகளில் கிடைக்கிற ஆயத்தப் பைகளில் ஒரு வகை, நடுவே மேலிருந்து கீழ்வரை தெளிவான ஜன்னல் வைத்தது. ஆனால் பஸ்ஸில் ஏறி இறங்கினால் உடைசலும் தூளும் அடியில்தான் சேரும். ஜன்னல் அதைத்தான் முதலில் காட்டும். அவர்கள் செய்தது இது: லேபலை அகலமாக வெட்டிப் பையின் கீழ்ப்பாதியில் ஒட்டி ஜன்னலின் அடியை மூடினார்கள். மேலே திறந்திருக்கிற பகுதியில் முழு முறுக்கு தெரிகிறது, வெளிச்சம் படுகிற இடமும் பாதியாகிவிட்டது. சரத்தில் தொங்கினாலும் கீழே இருக்கிற பெயர் மறையாது. ஒரு லேபலை அரையடி கீழே இறக்கியதில் மூன்று கஷ்டம் தீர்ந்தது. பையிலேயே நிறம் அடிப்பதானால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை வெட்ட வேண்டும், பல்லாயிரம் பை ஒரே தடவையில் எடுக்க வேண்டும். அது இப்போதைக்கு எங்களுக்கு எட்டாது என்று அவர்களே சொல்லி, ஆயத்தப் பையும் ஸ்டிக்கருமாக நிறுத்தினார்கள்.

பின் லேபல் விஷயத்தில் அவர்கள் என்னை நன்றாக உலுக்கினார்கள். நான் "200 கிராம்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இருபது பை கொண்டு வரச் சொல்லி நிறுத்தார்கள். 188 இருந்தது, 214 இருந்தது. "எண்ணிப் போடாதீங்கக்கா, நிறுத்துப் போடுங்க" என்றார் தம்பி. அன்றைக்கே தராசு வாங்கினேன். "100 சதவீதம் இயற்கை", "கொலஸ்ட்ரோல் இல்லை" என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். "இத யாராவது கேட்டா என்னத்தக் காட்டுவீங்க?" காட்ட எதுவும் இல்லை, எடுத்துவிட்டோம். முகப்பில் ஒரு தேங்காய்ப் படம் கேட்டேன். முழுக்கத் தேங்காய் எண்ணெயிலா சுடுகிறீர்கள் என்று தங்கச்சி கேட்டார். விலை ஏறியதிலிருந்து பாதிக்குப் பாதி பாம் எண்ணெய்தான் என்று உண்மையைச் சொன்னேன். தேங்காய் வரவில்லை; பின்னால் சேர்மானத்தில் இரண்டு எண்ணெயும் அளவு கூடியது முதலாக வரிசையில் இருக்கின்றன.

பெருங்காயத்தில்தான் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. டப்பாவைக் கொண்டு வரச் சொன்னார்கள். அதன் பின்பக்கத்தில் கோதுமை மா என்று இருந்தது. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் மா கலப்பது வழக்கம். நாங்கள் வாங்கியதில் அது கோதுமை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அரிசி முறுக்கு என்று நம்பித் தின்றுவிடக்கூடாதே. இப்போது எள்ளும் கோதுமையும் தடித்த எழுத்தில் இருக்கின்றன.

சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் நிற வட்டம் (அளவு கூடினால் சிவப்பு) போடும் விதி 2019இல் தின்பண்டங்களுக்கு வந்தது. ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். எண்ணெயில் பொரித்தது, கொழுப்புக்குச் சிவப்புத்தான். அதைக் கொஞ்சம் மூலையில் வைக்க முடியுமா என்று கேட்டேன். தம்பி மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரி என்று இப்போது முழு மனசோடு சொல்கிறேன். பி.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தபோது பெயர், நிறை, சேர்மானம், தொகுதி இலக்கம், இரண்டு திகதி, விலை, முகவரி எல்லாம் தேடாமல் கண்ணில் பட்டன. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பார்கோடையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அழகுக்காக நிறம் மாற்றப் பார்க்கிறார்கள். இலங்கையில் எடுக்கிற எண் 479இல் தொடங்கும். கோடுகளைச் சிவப்பில் அடித்தால் கடை மெஷினின் சிவப்பு வெளிச்சத்துக்கு அவை தெரியாமல் போய்விடும். வெள்ளையில் கறுப்பு, இரண்டு பக்கமும் வெற்று இடம், பையின் மடிப்பில் படாமல். எங்கள் பை அடியில் வளைவதால் கோடுகள் படுக்கையாக வருகிற மாதிரி திருப்பி வைத்தார்கள்.

தமிழ் எழுத்துக்கு அவர்கள் எடுத்த கவனம் தனியாகச் சொல்லத் தக்கது. இங்கே பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்கிற பழைய எழுத்துருதான் ஓடுகிறது. நான் போனில் யூனிக்கோடில் அனுப்புவதை அப்படியே அங்கே ஒட்டினால் குப்பையாக வரும். யூனிக்கோடாகவே வைத்தாலும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறும். கொழும்புப் படத்தில் தேங்காய் உடைந்தது அதனால்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இவர்கள் எல்லா எழுத்தையும் கோட்டுருவமாக (இனி இடம் மாறாத படமாக) மாற்றி, தாளில் எடுத்து, என்னை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசிக்க வைத்து, பிறகுதான் அச்சுக்கு அனுப்பினார்கள். சிங்கள எழுத்தைத் தங்களுக்குத் தெரிந்த ஒரு சிங்கள ஆசிரியையிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினார்கள். தமிழ் சிங்களத்தை விடச் சின்னதாக இருக்கவில்லை. மூன்றும் ஒரே உயரம்.

இனி, குறைகள்.

முதல் ஆயிரம் லேபல் கண்டியில் அச்சாகி வந்தது. பெட்டியைத் திறந்தால் நீலம் இல்லை, கத்தரிப்பூ நிறம். திரையில் தெரிவது வெளிச்சத்தின் நீலம். தாளில் அது இரண்டு மையின் கலவை, அதில் செம்மை கொஞ்சம் கூடினாலும் ஊதாவாகிவிடும். தெரிந்தவர்கள்தான், ஆனாலும் அச்சடித்த ஒரு மாதிரித் தாளை முன்கூட்டியே எடுத்துப் பார்க்கவில்லை. தப்பு தங்களுடையது என்று ஒத்துக்கொண்டு தங்கள் செலவில் திரும்ப அடித்தார்கள். அதற்குப் பதினொரு நாள் போனது, அந்தப் பதினொரு நாளில் திருவிழா ஓர்டர் ஒன்று கைவிட்டுப் போனது. அதை அவர்களால் திருப்பித் தர முடியாது. நீங்கள் போனால், அச்சு மாதிரி ஒன்றை உங்கள் கடைக்காரரின் பல்புக்குக் கீழே பிடித்துப் பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, திகதிக் கட்டம். லேபல் முழுக்க மினுக்கப் படலம் ஒட்டியிருந்தார்கள், திகதி குத்துகிற வெள்ளைக் கட்டத்துக்கும் சேர்த்து. ரப்பர் சீல் மை அதில் பிடிக்காமல் விரல் பட்டதும் அழிந்தது. அந்த ஆயிரத்துக்கும் நானும் என் தங்கச்சிமாரும் திகதியைத் தனித் துண்டு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினோம்; இரவு ஒரு மணி வரை இருந்த நாட்கள் உண்டு. அடுத்த ஓர்டரில் அந்தக் கட்டத்தை மட்டும் மினுக்கம் இல்லாமல் விட்டார்கள், இப்போது மை நன்றாகப் பிடிக்கிறது. மற்றபடி போனுக்குப் பதில் வருவது மெதுவாக இருக்கும். கல்யாண மாதங்களில் அவசர வேலை கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தை முதலில் குறை என்று நினைத்தேன், பிறகு இல்லை என்று தெரிந்தது. வெள்ளவத்தைக்குப் போன முதல் பெட்டியைத் திறந்த மாமா, "எல்லாப் பையும் சப்பிப் போயிருக்கே, ஓட்டையா?" என்று கேட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. தம்பி நிதானமாகச் சொன்னார். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. இங்கே அடைத்த காற்று கொழும்புக்கு இறங்கும்போது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்து சுருங்கும். கொழும்பில் அடைத்த பை நுவரெலியாக் கடையில் பலூன் மாதிரி ஊதி நிற்பதும் இதே காரணத்தால்தான். சின்ன வயதிலிருந்து பார்த்தும் நான் யோசித்ததில்லை. பையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். ஒரு குமிழி வரவில்லை. ஆனால் சப்பிய பையில் தாள் ஸ்டிக்கர் சுருக்கம் விழுவது உண்மை. அடுத்த தடவை அதை வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக் ஸ்டிக்கராக மாற்றினார்கள். அதற்கு ஒன்றுக்கு ஒரு ரூபா கூட.

2024இல் எனக்கு ஆன செலவு இது: பெயர், அடையாளம், இரண்டு லேபல் டிசைன் எல்லாம் சேர்த்து 22,000 ரூபா. முன் லேபல் ஒன்று 9 ரூபா 50, பின் லேபல் 6 ரூபா, பை 24 ரூபா. ஆக ஒரு பக்கெட்டுக்கு 39 ரூபா 50 சதம். மெழுகுவர்த்தியில் ஒட்டிய பொலித்தீனுக்கு மூன்று ரூபாகூட ஆகவில்லை. நான் பக்கெட்டுக்கு 40 ரூபா விலை கூட்டினேன். நோர்வூட்டில் இரண்டு கடைகள் புதுப் பையை எடுக்கவில்லை; அவர்களுக்குப் பழைய பையிலேயே கொடுக்கிறேன், அது அவர்கள் கடைக்கு வருகிறவர்களுக்குக் கட்டுகிற விலை. ஹட்டனும் வெள்ளவத்தையும் கூட்டிய விலைக்கே எடுக்கின்றன. தீபாவளிக்கு மாமா இரண்டாவது பெட்டியை நான் கேட்காமலே ஓர்டர் பண்ணினார். கிழமைக்கு நூறு பக்கெட்டாவது போகாது என்றால் இவ்வளவு செலவில் இறங்க வேண்டாம் என்றுதான் மற்றப் பெண்களுக்குச் சொல்கிறேன். பெயரும் நல்ல பின் லேபலும் மட்டும் இவர்களிடம் செய்துகொண்டு, பையைப் பிறகு மாற்றலாம். அப்படிச் செய்ய அவர்களும் சம்மதிப்பார்கள்.

முதல் பை வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதைத் திறக்க விடவில்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சாயங்காலம் பக்கத்துக் காம்பரா அக்காவைக் கூப்பிட்டு, பையில் விரலை வைத்து, "இது நான் எழுதுனது" என்றார்.

அந்தப் பை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை 40 கிராம் சின்னப் பை ஒன்றுக்காகத் திரும்பவும் அந்த மேல்மாடிக்குப் போகிறேன். பஸ்ஸில் ஏறி விற்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தத் தடவை பையின் ஓரத்தில் கிழிக்க ஒரு வெட்டு வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். இப்போதைய பையில் அது இல்லை, பிள்ளைகள் பல்லால் கடித்து இழுக்கிறார்கள்.